மோட்டார் வண்டியின் தாகம்

மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று வினவினால், பெற்றோலால் ஓடுகிறது என்றே எவரும் விடையிறுப்பர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. 1888 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பேர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய முச்சக்கர வண்டியில் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபொர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மோட்டார் வண்டியில் மேற்கொள்ளப்பட்ட முதல் நெடும்பயணம் அதுவே. வழியில் வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் அவர் எரிபொருள் வாங்கியமையை உலகம் இன்றும் நினைவிற் கொண்டிருக்கிறது. ஆனால் அவ்வண்டி அடிக்கடி வேண்டி நின்றது நீரையே. இயந்திரத்தைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகிக் காற்றிற் கலந்தது. கலந்த அளவுக்கு மீண்டும் மீண்டும் வார்க்க வேண்டியிருந்தது. வழியிற் கண்ட கிணறும் ஓடையும் அவ்வண்டிக்குத் தண்ணீர்ப்பந்தல்களாயின.

அன்று நீர் குறைதல் வண்டியின் நோயன்று, இயல்பு. இன்றோ நீர் குறையும் வண்டி நோயுற்ற வண்டியாகும். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தவர்க்கே, பழைய காரொன்று எத்தனை முறை திருத்தினும் மீண்டும் மீண்டும் நீரை ஒழுகவிடுவதன் பொருள் விளங்கும்.

நீர் எதற்கு வேண்டப்படுகிறது? பெற்றோலும் காற்றும் கலந்து எரியும்போது, உருளைகளினுள்ளே எழும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கும் மேற்படும். உருளைகள் வார்க்கப்பட்ட இரும்போ 1,200 பாகையளவில் உருகிவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் கால்பங்கு, அல்லது அதனிற் சிறிது கூடிய பங்கே, சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பங்கை நீர் தாங்கிச் சென்று காற்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். இப்பணி சிறிது நேரம் தடைப்படினும் உலோகம் விரியும், வளையும், வெடிக்கும்.

இப்பணியைச் செவ்வனே செய்யும் வழியைக் கண்டவர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியியலாளர். 1900 ஆம் ஆண்டின் இறுதியில் எமில் ஜெலினெக் என்னும் வணிகருக்காக டைம்லர் நிறுவனம் ஆக்கிய மேர்சிடிஸ் வண்டியில், தேனடை போன்ற தோற்றமுடைய றேடியேற்றர் ஒன்றை மேபாக் அமைத்தார். ஆறு மில்லிமீற்றர்ச் சதுரவாயுடைய 8,070 சிறு குழல்கள் அதில் அடுக்கப்பட்டு ஈயத்தாற் பற்றவைக்கப்பட்டிருந்தன. குழல்களினூடே காற்று வீச, அவற்றின் இடையே நீர் ஓடியது. அதனால் வண்டி சுமக்க வேண்டிய நீரின் அளவு பாதியாகக் குறைந்தது. ஆவியாகி வீணாவதும் பெரிதும் நின்றது. ஆயினும் வரலாற்றில் ஒவ்வொரு வரமும் ஒரு விலையுடனேயே வருகிறது. எட்டாயிரம் குழல்கள் என்றால், ஒழுகக்கூடிய ஈயப்பற்றுகளும் ஆயிரக்கணக்கில் என்றே பொருள். ஆவியாகப் போன நீர், இனிச் சொட்டாகப் போகலாயிற்று.

1908 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட் 'ரி' வண்டி எளிமையையே தன் வலிமையாகக் கொண்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2,500 வண்டிகளுக்கு மட்டுமே நீர்ப்பம்பி பொருத்தப்பட்டது; பின்னர் அது கைவிடப்பட்டது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே அவ்வண்டியில் நீரைச் சுற்றச் செய்தது. பம்பி இல்லாத இடத்தில் பம்பியின் ஒழுக்கும் இல்லை. மூடியும் திறந்த மூடியாதலின் உள்ளே அமுக்கமும் இல்லை. ஏற்றத்தில் அவ்வண்டி கொதிக்கும்; சாரதி நிறுத்துவார்; ஆறியபின் நீர் வார்ப்பார்; மீண்டும் செல்வார். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் இவ்வாறே உலகெங்கும் ஓடின.

அடுத்து வந்த மாற்றமே இந்த வரலாற்றின் திருப்புமுனை. திறந்த பாத்திரத்தில் நீர் கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும். ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தை மூடி அமுக்கத்தை உயர்த்தினால் கொதிநிலையும் உயரும். சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் கூடுந்தோறும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை ஏறுகிறது. 1930களில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரின் பின் எங்கும் பரவிய அமுக்கமூடி இவ்வுண்மையையே பயன்கொண்டது. வில்லொன்றினால் இறுக்கப்பட்ட அம்மூடி, 4 அல்லது 7 இறாத்தல் அமுக்கம் ஏறும்வரை நீரை வெளியே விடாது. 7 இறாத்தல் மூடியின் கீழ் நீர் கொதிப்பதற்கு 111 பாகை வேண்டும். பிற்காலத்து 15 இறாத்தல் மூடியின் கீழ் 121 பாகை வேண்டும்.

இதனால் கொதித்து நிற்கும் வண்டிகள் குறைந்தன. ஆனால் றேடியேற்றரும் இறப்பர்க் குழாய்களும் அன்றுவரை அறியாத பாரத்தைச் சுமக்கலாயின. நாற்பது சதுர அங்குலப் பரப்புள்ள தகடொன்றின்மீது 7 இறாத்தல் அமுக்கம் ஏறினால், மொத்தப் பாரம் 280 இறாத்தல் ஆகிறது. 15 இறாத்தல் ஏறினால் 600 ஆகிறது. பழைய வண்டியின் நீர் குறைகிறதே என்று அதற்கு வலிமை மிகுந்த மூடியை வாங்கிப் பூட்டுவோர், நீரைக் காப்பதாக எண்ணித் தகட்டைப் பிளக்கின்றனர்.

குளிர்நாடுகளில் மற்றொரு சிக்கல் இருந்தது. நீர் உறைந்தால் விரியும். விரிந்தால் இரும்பையும் பிளக்கும். 1850களில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் வூர்ட்ஸ் ஆக்கிய எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம், 1920களின் பிற்பகுதியில் மோட்டார் வண்டிகளுக்கான உறைதடுப்பியாகச் சந்தைக்கு வந்தது. அதனை வார்த்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். வெறும் நீரைக் கொண்டு ஒழுகாதிருந்த பழைய வண்டி, கிளைக்கோல் வார்த்தவுடன் ஒழுகத் தொடங்கியது. குற்றம் திரவத்தினுடையதன்று. ஆண்டாண்டாகப் படிந்த துருவே அதுவரை சிறு துளைகளை அடைத்திருந்தது. புதிய திரவம் அத்துருவைக் கரைத்து நெகிழ்த்தி, மறைந்திருந்த துளையை வெளிப்படுத்திற்று. இத்திரவம் இனிப்பானது, ஆயினும் கொடிய நஞ்சு. சிந்தியதை நிலத்தில் விட்டுவைத்தால் நாயும் பூனையும் நக்கி மடியும்; குழந்தைகளுக்கும் உயிராபத்தாகும்.

நீரே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உளர். அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றரிங் என்னும் அறிஞரின் முயற்சியால், செப்புத் தகடுகள் பொருத்திக் காற்றாற் குளிர்விக்கப்படும் செவர்லே வண்டி 1923 இல் வெளிவந்தது. அளவுமீறிச் சூடேறியமையால் அவ்வாண்டிலேயே மீளப்பெறப்பட்டது. பின்னாளில் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டு வண்டி அம்முயற்சியில் வென்றது. எனினும் பெரும்பாலான வண்டிகள் நீரையே நம்பி நின்றன. அதனால் ஒழுக்கும் அவற்றின் உடன்பிறப்பாகவே நிலைத்தது.

இவ்வரலாறு முழுவதையும் ஒரே வண்டியிற் காண விரும்புவோர்க்கு மொறிஸ் மைனர் தக்க சான்றாகும். அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த இவ்வண்டி, 1948 ஆம் ஆண்டு லண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் கண்காட்சியில் அரங்கேறியது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் ஆக்கப்பட்டன. முதல் வண்டிகளின் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தில் நீர்ப்பம்பி இல்லை. ஃபோர்ட் வண்டியைப் போல் நீர் தானே சுற்றியது. 1952 இல் மொறிஸ் நிறுவனமும் ஒஸ்ரின் நிறுவனமும் இணைந்ததன் பயனாக, ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அதனுட் புகுந்தது. 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1,098 ஆகவும் அது பெருத்தது. பம்பியும் அமுக்கமூடியும் கூடவே வந்தன. அப்பம்பிக்கும் இயந்திரத்தின் தலைப்பகுதிக்கும் இடையே விரலளவேயான ஓர் இறப்பர்க் குழாய் உண்டு. அது வெடித்தால் நீர் முழுதும் போகும். அதனை மாற்றுவதோ கைபுகாத இடத்திற் செய்யும் கடினமான வேலை. அக்குழாயை வையாத மெக்கானிக் அரியர்.

அத்தகைய வண்டியொன்றில் இவ்வாண்டு மேற்குழாய் வெடிக்கிறது, அது மாற்றப்படுகிறது. அடுத்த திங்களில் றேடியேற்றரின் பற்று விடுகிறது; ஈயம் வைக்கப்படுகிறது. அதன்பின் பம்பி ஒழுகுகிறது, பம்பியும் மாற்றப்படுகிறது. இறுதியில், வார்ப்புத் துளையை அடைத்திருக்கும் தகட்டு மூடி துருவேறி உதிர்கிறது. நான்கு முறை பணம் செலவாயிற்று. நீரோ இன்னும் குறைகிறது. இங்கேதான் ஓர் உண்மையை உணர வேண்டும். ஒழுகும் இடம் வேறு; ஒழுகச்செய்யும் காரணம் வேறு. காரணம் ஒன்றாய் இருக்க, இடங்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கலாம். சங்கிலியில் மெலிந்த கண்ணி அறுந்தது. அதை வலுப்படுத்தியவுடன் அடுத்த மெலிந்த கண்ணி அறுகிறது. இழுப்பது எது என்று எவரும் கேட்கவில்லை.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலிற் கேட்பது, நீர் உண்மையிற் குறைகிறதா என்பதே. மேலதிக நீருக்குத் தனித் தாங்கி இல்லாத பழைய வண்டிகளில், றேடியேற்றரை விளிம்புவரை நிரப்பினால், சூடேறி விரியும் நீர் வெளியேறியே தீரும். பின்னர் அது தன் மட்டத்திலே நின்றுவிடும். அன்றாடம் விளிம்புவரை வார்ப்பவர் அன்றாடம் ஒரு கோப்பை நீரை வீதிக்கு ஈந்துவிட்டு, ஒழுக்கென்று கவலையுறுவார். காலையில் புகைக்குழாயில் சொட்டும் சிறிதளவு நீரும் அத்தகையதே. பெற்றோல் எரிவதில் இயல்பாகப் பிறக்கும் ஆவி குளிர்ந்த குழாயில் நீராகிறது.

உண்மையிற் குறைகிறதெனத் தெளிந்தபின், போகும் வழியை ஆராய வேண்டும். வழிகள் மூன்று: வெளியே சொட்டலாம், மூடியின் வழியே தப்பலாம், இயந்திரத்தின் உள்ளேயே புகலாம். வெளியே சொட்டுவதைக் காண, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, அளவுமானி பூட்டிய கைப்பம்பியை றேடியேற்றரின் வாயிற் பொருத்தி, மூடிக்குரிய அளவுவரை அமுக்கம் ஏற்றுவர். முள் கீழிறங்கினால் எங்கோ ஒழுக்குண்டு. ஓடும் இயந்திரத்தில் சூட்டினால் உடனே உலர்ந்து மறையும் துளி, குளிர்ந்த இயந்திரத்தில் மறையாது. துளி காணாவிடினும் அதன் தடம் எஞ்சும்: இணைப்புகளிற் படிந்த வெண்மையான உப்பு, பச்சைக் களிம்பு, துருக்கோடு ஆகியன. பம்பியின் அடியிலே ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அதனால் நீர் வந்தால் உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது என்பது பொருள். அத்துளையை அடைப்பவர், சாட்சியின் வாயை அடைப்பவரே ஆவர்.

மூடியின் வழியே தப்பும் நீர் எவ்விடத்தும் சொட்டாது. வில் தளர்ந்த மூடி அமுக்கத்தைத் தாங்காது. நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். குறைந்த செலவில் மாற்றக்கூடிய இம்மூடியை ஆராயாமல் றேடியேற்றரையே மாற்றியவர் பலர். வெப்பநிலைநிறுத்தி திறவாமற் சிக்கிக்கொண்டாலும் இதே விளைவு உண்டாகும். இயந்திரம் சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் மட்டும் எக்காலத்தும் ஆகாது. அமுக்கம் நீங்கிய கணத்திலே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொங்கி, முகத்தையும் கண்ணையும் சுட்டுவிடும். வற்றிக் கொதிக்கும் இயந்திரத்தில் தண்ணீரைத் திடீரென வார்ப்பதும் அவ்வாறே தீது, வார்ப்பிரும்பு வெடிக்கும்.

மூன்றாவது வழியே கொடியது. இயந்திரத்தின் உடலுக்கும் தலைப்பகுதிக்கும் இடையேயுள்ள கஸ்கெற் எரிந்துவிட்டால், நீர் உருளைக்குட் புகுவதோடு எரிவாயுவும் நீருக்குட் புகும். அவ்வாயுவின் அமுக்கத்தைத் தாங்க எந்தக் குழாயாலும் இயலாது. குழாய், பற்று, பம்பி, தகட்டு மூடி என ஒவ்வொன்றாய் விட்டுக்கொண்டிருக்கும் வண்டியில், இழுக்கும் கை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். குளிர்ந்த இயந்திரத்தை மூடியின்றி இயக்கியவுடனேயே நீரில் இடையறாது குமிழிகள் எழுதல், எண்ணெய் பாலாடை போல் வெளுத்தல், அடுத்தடுத்த இரு உருளைகளில் அமுக்கம் குறைந்திருத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். ஐயந்தீர்க்க இரசாயனச் சோதனையும் உண்டு. றேடியேற்றரின் வாயில் எழும் காற்றை நீலநிறத் திரவமொன்றினூடே இழுத்தால், எரிவாயுவின் காபனீரொட்சைட்டு அதனை மஞ்சளாக்கும். நிறம் மாறியபின் வாதத்துக்கு இடமில்லை. தலைப்பகுதியைக் கழற்றி, அதன் முகம் வளைந்துள்ளதா என நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்த்தாக வேண்டும். வளைந்த முகத்தின்மேல் புதிய கஸ்கெற்றை வைத்தால், அது சில திங்களில் மீண்டும் எரியும்.

அமுக்கத்தை விட்டால் எஞ்சும் காரணம் அரிப்பு. இரும்பு, செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் ஆகிய பல உலோகங்கள் ஒரே நீரில் மூழ்கியிருத்தல் ஒரு மின்கலத்தை ஒத்தது. அவற்றுள் மெலிந்தது கரையும். நீரில் உப்பு மிகுந்தால் அரிப்பும் மிகும். சுண்ணம் மிகுந்தால் பாறைபோற் படிந்து வழியை அடைக்கும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதைக் கண்டவர், அதே நீர் றேடியேற்றருக்குட் செய்வதை எளிதில் உணர்வர். உறையும் குளிர் இல்லாத நாட்டில் உறைதடுப்பி எதற்கு என்று பலர் எண்ணினர். அத்திரவத்தோடு சேர்க்கப்படும் அரிப்புத்தடுப்பி வெப்பநாட்டுக்கும் இன்றியமையாதது என்பது பின்னரே பரவலாக உணரப்பட்டது.

காரணம் காணாமலே ஒழுக்கை அடைக்க மக்கள் கையாண்ட வழிகள் பல. முட்டை வெண்கருவை வார்த்தனர், மிளகுத்தூளைத் தூவினர், பின்னர் கடைகளில் ஒழுக்கடைப்பி மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்று வரலாற்றிலும் இடம்பெற்றது. 1958 இல் அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலாகிய நோட்டிலசின் ஆவிக்குளிர்ப்பியிற் கடல்நீர் கசிந்தது. மாலுமிகள் எவ்வளவு தேடியும் இடம் புலப்படவில்லை. தளபதி வில்லியம் அன்டர்சனின் ஏற்பாட்டின்படி, அவர்கள் சாதாரண உடையணிந்து, சீற்றில் நகரின் பெற்றோல் நிலையங்களில் மோட்டார் வண்டிகளுக்கான ஒழுக்கடைப்பி 140 தகரங்கள் வாங்கினர். மருந்து பலித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள் அக்கப்பல் பனிக்கட்டியின் கீழே வட துருவத்தைக் கடந்தது. எனினும் இவ்வெற்றியைக் கொண்டு மருந்தைப் போற்றுவது அறிவன்று. துளையை அடைக்கும் பொருள், றேடியேற்றரின் நுண்குழல்களையும் அடைக்கவல்லது. வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம். நோயை அது தீர்ப்பதில்லை.

இலங்கையில் இவ்வறிவுக்குத் தனிப்பெறுமதி இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, முன்னர் வந்திறங்கிய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளே தந்தையிடமிருந்து மைந்தருக்குச் சென்றன. 1990களில், எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் ஏ நாற்பது போன்ற முதிய வண்டிகள் சிறிதளவு பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயால் ஓடின. நோயாளரை மருத்துவமனைக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டுசெல்ல வண்டியொன்று வேண்டியிருந்த காலம் அது. புதிய உதிரிப்பாகம் கிட்டாத அந்நாளில், பிழையாக நோயறிந்து நல்ல பாகமொன்றைக் கழற்றி எறிவதற்கு எவராலும் இயலாதிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தபோது, பழைய வண்டியைப் பேணும் கலையின் அருமை இன்னொரு தலைமுறைக்கும் புலனாயிற்று.

பேர்த்தா பென்சின் வண்டி வழிதோறும் நீர் கேட்டது. கேட்டதை வார்ப்பதே போதுமானதாயிருந்தது. அதன் பின்வந்த வண்டிகள் நீரை மூடிவைத்தன; அமுக்கின; விரைந்தோடச் செய்தன. நீர் தேடும் தொல்லை குறைந்தது. ஆயின் குறைந்த நீருக்குக் காரணம் தேடும் பொறுப்பு கூடிற்று. வெறுமனே வார்த்துக்கொண்டிருப்பவர் ஒருநாள் வெடித்த இயந்திரத்தின் முன் நிற்பார். காரணத்தைத் தேடுபவரின் வண்டியோ, ஆக்கியவர்கள் எண்ணிய ஆயுளையும் கடந்து ஓடும். அரை நூற்றாண்டைத் தாண்டியும் இலங்கையின் வீதிகளில் ஓடும் மொறிஸ் மைனர் ஒவ்வொன்றும் அதற்குச் சான்று.